ஒரு வரி நகர்ந்த மஞ்சள் விலை: வேளாண் இதழ் ஒன்றின் தளத்தை டேபிளிலிருந்து சி.எஸ்.எஸ்.ஸுக்கு மாற்றியபோது நடந்தது

பின்னணி

கொங்குப் பகுதியிலிருந்து வெளிவரும் ஒரு வேளாண் மாத இதழ். அச்சில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதற்கு 2001-இல் இணையதளம் வந்தது. செய்து கொடுத்தவர் ஆசிரியரின் உறவுக்காரப் பையன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 2010 கடைசியில் அந்தத் தளம் எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் மூன்று பேர் கொண்ட சின்னக் கடை. மூவரில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர். இதழின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நடந்த தவறு எங்களுடையது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் 780 பிக்சல் அகலத்தில் ஒரு பெரிய டேபிள், அதாவது அட்டவணை. 800-க்கு 600 திரைக்காகக் கணக்குப் போட்ட அகலம் அது. அதற்குள் மூன்று பத்தி: இடப்பக்கம் மெனு, நடுவில் கட்டுரை, வலப்பக்கம் விளம்பரமும் அறிவிப்புகளும். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு டேபிள். ஒரு பெட்டியைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு வேண்டுமென்றால், பச்சைப் பின்னணியில் ஒரு டேபிள் போட்டு, ஒரு பிக்சல் இடைவெளி விட்டு, உள்ளே வெள்ளைப் பின்னணியில் இன்னொரு டேபிள். இடம் விட வேண்டிய ஒவ்வொரு மூலையிலும், ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் உள்ள கண்ணுக்குத் தெரியாத கிஃப் படம். ஓர் இடத்தில் எண்ணிப் பார்த்தேன், ஏழு அடுக்கு. கூடவே ஒவ்வொரு கட்டத்திலும், எந்த எழுத்துரு என்று சொல்லும் ஒரு ஃபான்ட் டேக். தளம் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் இருந்த காலத்தில், ஒரு கட்டத்தில் எழுத்துருவின் பெயர் விட்டுப்போனாலும் அங்கே கிறுக்கல்தான் தெரியும். டேபிளுக்கு வெளியே ஒரே ஒரு தடவை சொன்னால் உள்ளே போய்ச் சேரும் என்று அன்றைய உலாவிகளை (பிரவுசர்களை) நம்ப முடியாது. பிறகு எல்லாம் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அந்த ஃபான்ட் டேக்குகள் மட்டும் செத்த கிளைகள் மாதிரி அப்படியே நின்றன.

இளைஞர் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2001-இல் நானும் இப்படித்தான் பிழைத்தேன். பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதிவைக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பக்கத்தையே எழுதும் மொழி எச்.டி.எம்.எல். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த அதன் 4-ஆம் பதிப்பு, வெறும் பக்க அமைப்புக்காக டேபிளைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்தது. எழுதி என்ன? அன்றைய உலாவியான நெட்ஸ்கேப் 4-இல் சி.எஸ்.எஸ்.ஸை வைத்து இரண்டு பத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதற்குள் விடிந்துவிடும். டேபிள் எதில் திறந்தாலும் நின்றது. 2002-இல் வயர்டு செய்தித் தளம் சி.எஸ்.எஸ். அமைப்புக்கு மாறியது, 2003-இல் வந்த சி.எஸ்.எஸ். ஜென் கார்டன், ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு ஸ்டைல்ஷீட்டை, அதாவது சி.எஸ்.எஸ். எழுதிய கோப்பை, மாற்ற மாற்ற முழுக்க வேறு முகம் எடுப்பதைக் காட்டியது. அந்தக் காற்று எங்கள் ஊர்ப் பக்கம் வீச இன்னும் சில வருடம் ஆனது.

பார்த்தவை

ஆசிரியரின் முதல் புகார் மெனுவைப் பற்றியது. "தம்பி, மெனுவுல ஒரு வார்த்தை சேர்க்கணும்னா எல்லாப் பக்கத்தையும் திறக்க வேண்டியிருக்கு" என்றார். அதற்கும் டேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. மெனுவைத் தனிக் கோப்பாக வைத்து, சர்வரில் ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்துபோகும் சங்கதி. ஆனால் அந்த நேரத்தில் "சி.எஸ்.எஸ்.ஸுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் சார்" என்றுதான் சொன்னேன். வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னது. பெரிய பொய் இல்லை, ஆனாலும் உண்மை இல்லை.

மற்ற மூன்று குறைகளும் நிஜமாகவே டேபிளால் வந்தவை.

கட்டுரைகளை அச்செடுத்துச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டும் வழக்கம் வாசகர்களிடம் இருந்தது. ஐ.இ.6-இல் (இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில்) அச்செடுத்தால் இடப்பக்க மெனு முழுதாக வரும்; கட்டுரையின் வலது ஓரம் ஏ4 தாளுக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் இருக்காது. இடுபொருள் அளவு சொல்லும் கட்டுரையில் கடைசிச் சொல் இல்லாமல் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெதுவான இணைப்பில் பக்கம் வெள்ளையாகவே நிற்பது. டேபிளில் ஒரு பத்தியின் அகலத்தை உள்ளே இருக்கும் எழுத்தும் படமும்தான் முடிவு செய்கின்றன. எல்லாக் கட்டத்தையும் படித்து முடித்தால்தான் எந்தப் பத்திக்கு எவ்வளவு இடம் என்பது உலாவிக்குத் தெரியும். பக்கம் முழுவதையும் ஒரே டேபிளுக்குள் அடைத்துவிட்டால், பழைய உலாவிகள் கடைசி வரி வந்து சேரும்வரை எதையும் காட்டாது.

மூன்றாவது, ஓபரா மினி என்ற செல்போன் உலாவி. செல்போனில் தமிழ் படிக்க அன்றைக்கு இருந்த ஒரே சுலபமான வழி அதுதான். அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய் எழுத்தைப் படமாக அனுப்பச் சொல்லிவிட்டால், தமிழ் எழுத்துரு இல்லாத போனிலும் தமிழ் தெரியும். அந்தத் தந்திரம் வாய்வழியாகவே ஊரெல்லாம் பரவியிருந்தது. சின்னத் திரைக்காக அது பக்கத்தை ஒற்றைப் பத்தியாக மடித்துக் காட்டும், மூலநிரலில் எது முதலில் இருக்கிறதோ அந்த வரிசையில். எங்கள் பக்கத்தில் முதலில் இருந்தது மெனு. தலைப்பைச் சொடுக்கிய வாசகர் நாற்பது சுட்டிகளை உருட்டித் தள்ளிய பிறகுதான் கட்டுரையின் முதல் வரியைப் பார்த்தார். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் இதே வரிசையில்தான் படிக்கும்.

எடுத்த முடிவுகள்

கட்டுரை முதலில், மெனு பிறகு என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்.லை எழுதுவது, திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்பதை ஸ்டைல்ஷீட்டிடம் விட்டுவிடுவது. அடிப்படை முடிவு இதுதான். மூன்று பத்தியை இரண்டாகக் குறைத்தோம். எழுத்தின் அளவை பிக்சலில் சொல்லாமல் எம் அலகில், அதாவது எழுத்தின் அளவோடு கூடிக் குறையும் அலகில், சொன்னோம். பிக்சலில் சொன்னால் ஐ.இ.6-இல் வாசகர் எழுத்தைப் பெரிதாக்க நினைத்தாலும் ஆகாது; வயதான வாசகர்கள் நிறையப் பேர் இருந்த இதழ் இது.

ஐ.இ.6-ஐக் கைவிடலாமா என்று பேசினோம். 2011-இலும் பிரவுசிங் சென்டர்களிலும் அலுவலகங்களிலும் விண்டோஸ் எக்ஸ்பி இயந்திரங்களில் அதுதான் இருந்தது. கைவிட முடியாது என்று முடிவு செய்து, அதற்கு மட்டும் ஒரு தனி ஸ்டைல்ஷீட் வைத்தோம். ஒரு பெட்டியை ஃப்ளோட் செய்து (ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தி), அதே பக்கம் மார்ஜினும் (வெளி இடைவெளியும்) கொடுத்தால் ஐ.இ.6 மார்ஜினை இரட்டிப்பாக்கிவிடும். அதற்கு மருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு வரி: டிஸ்ப்ளே இன்லைன். இந்த மாதிரிக் கைவைத்தியம் பத்துப் பன்னிரண்டு அந்தக் கோப்புக்குள் போனது.

டேபிள் மாதிரியே நடந்துகொள்ளும்படி ஒரு டிவ்வுக்கு (எச்.டி.எம்.எல்.லின் வெறும் பெட்டிக்கு) ஸ்டைல்ஷீட்டிலேயே சொல்ல வழி உண்டு. ஆனால் ஐ.இ.8-க்கு முந்தைய ஐ.இ. எதற்கும் அது புரியாது என்பதால் விட்டுவிட்டோம்.

வேலையைத் தொடங்கிய அன்று காலை இன்னொன்றும் சொன்னேன். "புதுத் தளத்துல ஒரு டேபிள்கூட மிஞ்சக் கூடாது." பழையதைத் தலைமுழுகும் உற்சாகத்தில் வந்த வாக்கியம்.

முதல் இடறல்: நீளமான சொல்

2011 பொங்கலை ஒட்டித் தளத்தைத் திறந்தோம். இரண்டாவது வாரமே வலப்பக்கப் பத்தி காணாமல் போனது. தேடினால் கட்டுரைக்கெல்லாம் கீழே, பக்கத்தின் அடியில் உட்கார்ந்திருந்தது. ஐ.இ.6-இல் மட்டும்.

காரணம் ஒரு சொல். அறிவிப்புத் தலைப்பில் "கூட்டுறவுச்சங்கங்களுக்கான" என்று சேர்த்தே அடித்திருந்தார்கள். லதா எழுத்துருவில், அந்த அளவில், அது பத்தியின் அகலத்தைத் தாண்டியது. மற்ற உலாவிகளில் சொல்லின் வால் மட்டும் பத்திக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐ.இ.6 அப்படி விடாது. சொல்லுக்காகப் பெட்டியையே அகலப்படுத்தும். அகலம் கூடியதும் இரண்டு பத்தியும் ஒரே வரிசையில் கொள்ளாது. ஒன்று கீழே விழுந்துவிடும்.

பழைய டேபிள் பத்து வருடமாக இந்த வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சொல் நீண்டால் கட்டம் அகலும், பக்கத்துக் கட்டம் கொஞ்சம் ஒடுங்கும், யாருக்கும் தெரியாது. ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு வளர்கிற தமிழ்ச் சொல்லுக்கு அந்த நெகிழ்வு எவ்வளவு தேவை என்பது, இழந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆங்கிலத் தளங்களைப் பார்த்துப் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை.

சொல்லை உடைக்கச் சொல்லும் வழியை முயன்றோம். அது இடம் தீர்ந்த இடத்தில் வெட்டும். அடுத்த வரி "க்கான" என்று தொடங்கியது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, பல் உடைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். மிஞ்சுவதை மறைத்தால் சொல் பாதியில் அறுந்தது. கடைசியில் பத்தியின் அகலத்தையும் எம் அலகுக்கு மாற்றிக் கொஞ்சம் கூட்டினோம். மீதியை ஆசிரியரே தீர்த்துவைத்தார்: பக்கப் பத்திக்கென்று தனியாக ஒரு குறுந்தலைப்பு எழுதுவது, ஒட்டி எழுத வேண்டாத சொற்களைப் பிரித்து எழுதுவது. மூன்று நாள் நிரல் தட்டித் தீராத பிரச்சினை, பேனாவால் தீர்ந்தது.

விலைப்பட்டியல்

இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

சனிக்கிழமைதோறும் ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலைகளைத் தளத்தில் போடுவார்கள். தேங்காய், கொப்பரை, மக்காச்சோளம், கிழங்கு மஞ்சள், விரலி மஞ்சள் என்று ஒரு வரிசை; எதிரே குறைந்த விலை, அதிக விலை. அலுவலகத்தில் நீண்ட நாளாக இருக்கும் ஓர் அக்கா அதைத் தட்டச்சு செய்வார்.

பிப்ரவரியில், மஞ்சள் அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம், பவானிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டிருக்கீங்க, மண்டியில ஒண்ணு சொல்றான். யார் சொல்றது நெசம்?" அவரிடம் இருந்தது கிழங்கு மஞ்சள். மண்டிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்து, ஒரு வாரம் விற்காமல் வைத்திருந்திருக்கிறார்.

ஆசிரியர் விலைச்சீட்டை எடுத்து எங்கள் பக்கத்தோடு ஒப்பிட்டார். எண்கள் எல்லாம் சரி. நாங்களும் எங்கள் கணினியில் திறந்து பார்த்தோம், சரி. "எங்களுக்கு நல்லாத்தான் தெரியுது சார்" என்று சொல்லியே இரண்டு நாளைப் போக்கினோம். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கும் இரண்டு நாள்.

மூன்றாம் நாள் வேறு வேலையாக அவர்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அந்த அக்காவின் திரையில் பக்கம் திறந்திருந்தது. கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாததால் அவர் உலாவியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். மேலிருந்து படித்தேன். "மக்காச்சோளம் (ஈரப்பதம் 14 சதம்)" என்ற பெயர் பெரிய எழுத்தில் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லா விலையும் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. கிழங்கு மஞ்சளுக்கு நேரே நின்றது விரலி மஞ்சளின் விலை. பட்டியலின் கடைசிப் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வழக்கமாக விரலிக்குத்தான் விலை கூடுதல். வாசகர் ஏன் மண்டிக்காரரைச் சந்தேகப்பட்டார் என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

திரும்பி வந்து நிரலைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் ஒரு டிவ்வில். குறைந்த விலைகள் எல்லாம் இன்னொரு டிவ்வில். அதிக விலைகள் மூன்றாவதில். மூன்றும் ஃப்ளோட் செய்யப்பட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு பெயரையும் அதன் விலையையும் சேர்த்துக் கட்டும் கயிறு எதுவுமே நிரலில் இல்லை. எழுத்தின் உயரம் தற்செயலாகப் பொருந்தியதால் மட்டும் நேராகத் தெரிந்தது. ஓபரா மினியில் திறந்து பார்த்தேன். முதலில் பயிர்ப் பெயர்கள் வரிசையாக, அப்புறம் எண்கள், அப்புறம் இன்னும் எண்கள். செல்போனில் பார்த்தவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, புரியவில்லை என்று விட்டுவிட்டார்கள் போல.

இளைஞரைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் கூப்பிட்டேன். "அண்ணா, நீங்கதானே ஒரு டேபிள்கூட மிஞ்சக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்றார். பதில் இல்லை.

அன்று மாலையே பட்டியலை உண்மையான டேபிளாக மாற்றினோம். மேலே சந்தையும் தேதியும் சொல்லும் தலைப்பு. ஒவ்வொரு வரியின் முதல் கட்டமும் தலைப்புக் கட்டம், அதாவது இந்த வரியில் இருப்பதெல்லாம் இந்தப் பயிருக்குரியது என்று எச்.டி.எம்.எல்.லிலேயே அறிவிப்பது. பெயர் இரண்டு வரியானால் விலையின் கட்டமும் கூடவே உயர்ந்தது. தளத்தில் திருத்தக் குறிப்பு போட்டோம். அடுத்த இதழில் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். அந்த வாசகரிடம் அவரே பேசினார்.

பின்பு நடந்தவை

மாற்றம் மொத்தத்தில் பயன் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சுக்கென்று ஒரு தனி ஸ்டைல்ஷீட் எழுதினோம்: மெனுவும் விளம்பரமும் மறையும், கட்டுரை தாளின் அகலத்துக்கு விரியும். இருபது வரிகூட இருக்காது. ஆசிரியருக்கு இந்த வேலையிலேயே அதிகம் பிடித்தது அதுதான். செல்போனில் கட்டுரை முதல் திரையிலேயே தொடங்கியது.

சந்தாதாரர்களுக்குப் போகும் மாதாந்திர மின்னஞ்சல் மடலை மட்டும் டேபிளிலேயே விட்டோம். 2007 பதிப்பிலிருந்து விண்டோஸின் அவுட்லுக், மடல்களை வேர்டின் எந்திரத்தைக் கொண்டு காட்டிவந்தது. ஃப்ளோட்டெல்லாம் அதனிடம் செல்லவில்லை. ஜிமெயில் அப்போது தலைப்பகுதியில் வைத்த ஸ்டைல்களைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. இளைஞர் இந்த முறை தயங்கித் தயங்கிக் கேட்டார், "டேபிள் போடலாமா அண்ணா?" போடு என்றேன்.

2017 மார்ச்சில் குரோம் 57, ஃபயர்ஃபாக்ஸ் 52 இரண்டிலும், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சி.எஸ்.எஸ். கிரிட் வந்தது. அடுத்த ஆண்டு தளத்தின் அமைப்பை கிரிட்டுக்கு மாற்றினோம். எச்.டி.எம்.எல்.லில் கை வைக்கவே இல்லை, ஃப்ளோட்டுகளையும் ஐ.இ.6-இன் கைவைத்தியங்களையும் அழித்து, பத்திகளின் அகலத்தைச் சில வரிகளில் சொன்னதோடு சரி. நீளமான சொல் வந்தால் பத்தி அகன்று கொடுக்கும்படி கிரிட்டில் சொல்லலாம். டேபிளிடம் இருந்த அந்தப் பழைய குணம் ஏழு வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது.

இன்று செய்தால்

உலாவிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சோதித்தோம்; எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஸ்டைல்ஷீட்டை அணைத்துவிட்டு ஒருமுறை படித்திருந்தாலே விலைப்பட்டியல் பல்லிளித்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. இப்போது எந்தப் பக்கமானாலும் அதைச் செய்த பிறகே ஆசிரியரிடம் காட்டுகிறோம். மெனு விஷயத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லி, அந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்டிருக்கலாம். "ஒரு டேபிள்கூட" என்பதற்குப் பதிலாக, "பக்கத்தைப் பிரிக்க டேபிள் வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு அதே பள்ளத்தில் இன்னொரு தடவை விழப் பார்த்தோம். செல்போனுக்காக விலை டேபிளின் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்படி ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருந்தோம். பரவலாகச் சொல்லித்தரும் வழிதான், பார்க்கவும் லட்சணமாக இருந்தது. ஆனால் கட்டங்களின் டிஸ்ப்ளேயை (காட்டும் முறையை) அப்படி மாற்றினால், இது டேபிள் என்ற செய்தியே திரைவாசிப்பானுக்குப் போகாமல் போய்விடலாம். அன்றைய இளைஞர்தான் பிடித்தார். இப்போது அவர் கீழே இருவர் வேலை பார்க்கிறார்கள். அடுக்குவதை எடுத்துவிட்டு, டேபிளைப் பக்கவாட்டில் உருட்டும்படி வைத்து, பயிர்ப் பெயர் உள்ள முதல் பத்தி நகராமல் நிற்கச் செய்தார். சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட வரி, "மக்காச்சோளம் (ஈரப்பதம் 14 சதம்)".